காலில்லாத கொப்பு

வேரா அன்ரியின் தையல் கடை
மட்டக்களப்பு
14 ஜூலை 2024

அன்புள்ள அண்ணா,

கடிதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அப்பாவும் அம்மாவும் சுகம். போனில் எடுத்திருக்கலாம்தான். அப்பா தன் போனில் இருந்து உங்கள் நம்பரை அழித்துவிட்டார். வேரா அன்ரியின் போனில் எடுத்தால் அன்ரி பக்கத்திலேயே நின்று "என்னவாம், என்னவாம்" என்பார். அதோடு எனக்குப் போனில் பேச்சு வராது. வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னால் வாய் பூட்டிக்கொள்ளும் என்றுதானே ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். தாளில் என்றால் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இப்போது முதல்நன்மை எடுக்கும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைக்கிறோம். செப்டெம்பர் திருநாளில் மாதா சுரூபத்தை வைத்துத் தூக்கிப்போகும் கூட்டுக்கு முன்னால் பூ எறிந்துகொண்டு போகிற பிள்ளைகள். எல்லாச் சட்டைக்கும் சுருக்கு ஓரம். ஓரத்துக்கு நீளமான துணியை எடுத்துக் குறுகிய துணியோடு சேர்த்துத் தைத்தால், மிஞ்சிய நீளத்துக்குப் போக இடமில்லாமல் அது நெளிகிறது. கடை வாசலில் அன்ரி சாடியில் வளர்க்கும் செடியின் இலையும் அப்படியே நெளிந்திருக்கிறது. அந்த இலையின் ஓரமும் நடுவைவிடக் கூட வளர்ந்திருக்கும், அல்லவா? அன்ரியிடம் கேட்டேன். "ஊசிக்குக் காது இருக்கு, உனக்கு வாய் இல்ல எண்டு நினைச்சன். இண்டைக்கு இலையப் பத்திக் கதைக்கிறாய்" என்று சிரித்தார். உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

எழுத வந்தது அதுவல்ல. கோயில் ஆல்.

வாவிப் பக்கம் நீண்ட கொப்பு இறங்குகிறது, அண்ணா. சின்ன வயதில் நீங்கள் தூக்கிப் பிடித்தால்தான் அதன் நுனி இலை எனக்கு எட்டும். இந்தப் பெரிய வெள்ளிக்கு எட்டித் தொட்டேன். போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது குனிந்து போனேன்.

நுனி தாழ்ந்தாலும் நடுப்பக்கம் இன்னும் உயரம்தான்; இந்த வருடம் கூடு பழையபடி அதன் கீழால்தான் போகுமாம். அப்பாதான் முன் தடியைத் தூக்கப்போகிறார். கோயில் சபையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

பதிலைக் கடை விலாசத்துக்குப் போடுங்கள்.

தங்கச்சி
மேர்லின்

*

பேராதனை
23 ஜூலை 2024

மேர்லினுக்கு,

இலையைப் பற்றி நீ எழுதியது சரி. இலைக்கு அலை போடத் தெரியாது. ஓரம் கூட வளர்ந்தால் அலை தானாகவே வரும். இங்கே பல்கலைக்கழகத்தில் அதற்கு ஒரு சமன்பாடு எழுதி, பலகை நிறைந்த பிறகு, நீ சொன்ன இடத்துக்குத்தான் வந்து நிற்கிறார்கள். சந்தோஷமாக இருந்தது.

ஆலமரத்தைப் பற்றி என்னிடம் கேட்காதே.

போன வருடம் நடந்ததை நீ பார்த்தாய். பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்து, இந்தக் கச்சான் காற்றில் அந்தக் கொப்பு முறியும் என்று சொன்னேன். காற்றின் வேகத்தை எடுத்து, கொப்பின் நீளத்தை எடுத்து, கணக்கைச் சுவரில் சோக்கால் எழுதியே காட்டினேன். அப்பா என்னை நம்பினார். ஊர் எதிர்த்தும் கூட்டைப் பின்பக்கம், வலை காயப்போடும் ஒழுங்கையால் கொண்டுபோனார். கச்சான் வீசி ஓய்ந்தது. ஒரு சுள்ளிகூட விழவில்லை. பிறகு வாவியில் இறால் இல்லாமல் போனது. மாதாவைக் கொல்லைப்புறத்தால் கொண்டுபோன பலன் என்றார்கள். "யோசேப்பண்ணே, உங்கட கணக்கப்புள்ள இறாலையும் எண்ணிச் சொல்லுவானோ" என்று சபையில் இருக்கும் உதயரூபன் சந்தியில் வைத்து அப்பாவைக் கேட்டான். அன்று இரவு அப்பா என்னிடம் சொன்னதை நீ கேட்டிருப்பாய். இந்த வீட்டுப் படலையைத் தாண்டி நான் திரும்பி வந்தால், இனி மாதா கூட்டை அவர் தொடவே மாட்டாராம். அவருக்கு அந்தக் கூடு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அதனால் வரவில்லை.

ஊர் ஒருமுறை சிரித்தது போதும்.

ஒன்று மட்டும். கொப்பு அடிமரத்தில் சேரும் இடத்தில் மேற்பக்கம் வெடித்திருக்கிறதா? கீழே நின்று பார்த்தால் தெரியாது.

சுஜீவன்

*

மட்டக்களப்பு
4 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணா,

கேட்காதே என்று எழுதிவிட்டு நீங்களே கேட்டிருக்கிறீர்கள்.

கோயிலின் பாடகர் மாடியைக் கூட்டித் தருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி மேலே போனேன். அங்கிருந்து கொப்பின் முதுகு தெரியும். அடிமரத்தோடு சேரும் இடத்தில் மேற்பக்கம் தடித்து, தோள் சதைபோல் எழும்பியிருக்கிறது. அந்தச் சதைக்குக் குறுக்கே ஒரு கோடு. மழையே இல்லை, ஆனாலும் கோட்டின் ஓரம் ஈரமாக இருந்தது. எறும்புகள் உள்ளே போய் வெளியே வந்தன.

கீழே இறங்கி வந்து இன்னொன்றும் கண்டேன். கொப்பின் வயிற்றுப் பக்கத்தில், நடுவில், வடுக்கள். வருடா வருடம் கொடியேற்றத்துக்கு முந்திய சனிக்கிழமை நாம் விழுது வெட்டுகிறோமே, அந்த இடங்கள். தையல் பிரித்த தடம்போல நெருக்கமாக இருக்கின்றன. முழுக் கொப்பிலும் இல்லை. அந்த ஒரு இடத்தில்தான். வெட்ட வெட்ட மரம் அதே இடத்திலேயே கால் இறக்கப் பார்த்திருக்கிறது. இப்போதும் ஒரு விழுது இறங்கி வருகிறது, என் பெருவிரல் மொத்தம். நிலத்துக்கு இன்னும் ஒரு முழம்தான்.

மாதாவின் முடியில் விழுது முட்டக்கூடாது என்றுதானே வெட்டுகிறோம். வெட்டிய துண்டை வீட்டு வாசலில் கட்டுகிறோம். மற்றக் கொப்புகளுக்கெல்லாம் கால் இருக்கிறது. மாதா போகும் கொப்புக்குத்தான் இல்லை.

அப்பாவிடம் சொல்லப் போனேன். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "என்ன புள்ள?" என்றார். "ஆல்..." என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "உன்ட அண்ணன் எழுதினவனோ?" என்றார். அதோடு என் வாய் பூட்டிக்கொண்டது. அவர் கோபிக்கவில்லை, அண்ணா. கோபித்திருந்தால் நல்லது. ஊசியை வைத்துவிட்டு, "மறுகாலும் ஊர் என்னைப் பாத்துச் சிரிக்க வைக்காதீங்க, ரெண்டு பேரும்" என்றார்.

கூட்டை ஆலின் கீழ் நிறுத்தி, பிள்ளைகள் சுற்றி நின்று பூச்சொரிவார்களாம். போன வருடம் விட்டதற்கும் சேர்த்து. அந்தப் பிள்ளைகளின் தோள் அளவும் இடுப்பளவும் எனக்கு மனப்பாடம். இரவில் அளவுகள்தான் ஞாபகத்தில் வருகின்றன. முகங்கள் வருவதில்லை.

மேர்லின்

*

பேராதனை
13 ஓகஸ்ட் 2024

அன்புள்ள மேர்லின்,

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். போன வருடம் எங்கே பிழை விட்டேன் என்று இப்போது தெரிகிறது.

விடுதியில் மேசை விசிறிக்கு முன்னால் ஒரு கொத்து ஆலிலையைக் கட்டிப் பார்த்தேன். காற்றைக் கூட்டக் கூட்ட இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மடங்கி, ஒடுங்கிக்கொண்டன. சுவரில் எழுதிய கணக்கில் நான் அவற்றைப் பலகைகளாக வைத்திருந்தேன். எந்த மரமும் காற்றுக்கு முன்னால் பலகையாக நிற்பதில்லை. அப்படி நின்றவை வெகு காலத்துக்கு முன்பே முறிந்து, விதை போடாமல் போயிருக்கும். மரம் கணக்குப் போடுவதில்லை, மேர்லின். கணக்கில் பிழை விட்டவை விழுந்தன. நிற்பவை மட்டும் பெருகின. அவ்வளவுதான்.

விழுதும் அப்படித்தான். கொப்பு எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு வளர்ந்தால் அதன் கனம் எட்டு மடங்கு. அந்தக் கனம் கொப்பின் அடியை வளைக்கும் வலு பதினாறு மடங்கு. அடி தாங்கும் வலுவோ எட்டு மடங்குதான் கூடும். வளர வளரக் கொப்பு தோற்றுக்கொண்டே போகும். ஆலின் முன்னோரில் கொப்பிலிருந்து வேர் இறக்கியவை அந்தத் தோல்வியைத் தாண்டி அகலப் படர்ந்தன. நம் ஊர் அந்த ஒரு கொப்புக்கு மட்டும் வழியை அடைத்துவிட்டது. அது ஒளி தேடி வாவிப் பக்கம் நீண்டுகொண்டேயிருக்கிறது. நீ சொன்ன தோள் சதை, அது தன்னை மேலே இழுத்துப் பிடிக்கத் தானே வளர்த்துக்கொண்ட மரத்தசை. அதற்குக் குறுக்கே கோடு என்றால், இழுத்துப் பிடிக்கும் கையே விட்டுப்போகிறது.

ஆகவே காற்றைப் பார்க்காதே. பெரிய கொப்புகள் பல, காற்றே இல்லாத சூடான பின்னேரங்களில், சில வேளை மழை பெய்து ஓய்ந்த பிறகு, சத்தமில்லாமல் விழுகின்றன. ஏன் என்று இன்னும் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. எனக்கும் தெரியாது. எந்த நாள் என்று கேட்டால் சொல்லமாட்டேன். இனி ஒருபோதும் நாள் சொல்லமாட்டேன்.

அந்த விழுதை விட்டுவைக்கச் சொல். ஆனால் அது இந்தத் திருநாளுக்கு உதவாது. பெருவிரல் மொத்த விழுது கால் அல்ல, கயிறு. மண்ணைப் பிடித்துத் தடிக்க வருடங்கள் வேண்டும். கீழே ஆள் நிற்காமல் பார்ப்பதுதான் இப்போது முக்கியம்.

நான் கோயில் ஃபாதருக்குப் போன் எடுக்கலாம். யோசேப்பின் மகன் மறுபடியும் தொடங்கிவிட்டான் என்பார்கள். சொல்வதானால் உன் கண் பார்த்ததை நீ சொல்ல வேண்டும். உன்னிடம் இதைக் கேட்பது எவ்வளவு பெரிது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

சுஜீவன்

*

மட்டக்களப்பு
31 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணா,

வேரா அன்ரி என்னைக் கூட்டிக்கொண்டு ஃபாதரிடம் போனார். நான் தாளில் எழுதிக் கொண்டுபோனேன். வாசிக்க முடியவில்லை. அன்ரி பறித்து வாசித்தார். ஃபாதர் நம் ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பொறுமையாகக் கேட்டார். சபையில் கதைக்கிறேன் என்றார். கதைத்தும் இருக்கிறார்.

அப்பா அந்தக் கூட்டத்தில் இருந்தார். என் பெயர் வந்ததாம். உதயரூபன், "மகன் காத்துக் கணக்கு, மகள் நூல் கணக்கு. மிச்சம் யோசேப்பண்ணைதான், அவர் என்ன கணக்கு?" என்றானாம். அப்பா, "நான் கூடு தூக்கிற கணக்கு" என்று மட்டும் சொன்னாராம். அம்மா சொன்னார். வீட்டில் அப்பா என்னோடு பேசுவதில்லை. சோற்றை நான் வைத்தால் எழும்பிப் போகிறார்.

போன சனிக்கிழமை விழுது வெட்டினார்கள். அதையும் வெட்டிவிட்டார்கள், அண்ணா. நிலத்தைத் தொட நாலு விரல்தான் இருந்தது. வெட்டிய இடத்தில் பால் வடிந்து மண்ணில் சொட்டியது. எங்கள் வீட்டுக்கும் ஒரு துண்டு வந்தது. அப்பா வாசலில் கட்டினார்.

நேற்றுக் கொடியேறியது. கொப்பு நெடுக மின்குமிழ் மாலை சுற்றி, நுனிப் பக்கம் இரண்டு ஒலிபெருக்கிக் குழாயும் கட்டியிருக்கிறார்கள். ஏறிக் கட்டியவன் கொப்பில் குதித்துக் காட்டினான். "பாருங்கோ, ஆடுதா?" என்று கேட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு இப்போது கீழே நின்றாலே தெரிகிறது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கச்சான் நின்றுவிட்டது. பகலில் வாவி எண்ணெய் மாதிரிக் கிடக்கிறது.

மேர்லின்

*

பேராதனை
3 செப்டெம்பர் 2024

மேர்லின்,

பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நின்று எழுதுகிறேன். திருநாளுக்கு மறுநாளும் எனக்குப் பரீட்சை இருக்கிறது. அது ஒரு சாட்டு என்றும் எனக்குத் தெரியும். நான் வந்தால் அப்பா கூட்டை விட்டுவிடுவார். ஊர் முன்னால் இன்னொரு முறை அவரை அப்படி நிறுத்த என்னால் முடியாது. அதைவிட வெட்கமான ஒன்றும் இருக்கிறது. நான் வந்து, மறுபடியும் எதுவும் விழாமல் போனால் என்ன செய்வேன் என்று பயப்படுகிறேன். விழ வேண்டும் என்று என் மனதின் ஒரு மூலை நினைத்துவிடுமோ என்று அதற்கும் பயப்படுகிறேன். நீ அப்படி இல்லை. நீ சட்டை அளவுகளை நினைக்கிறாய்.

வேரா அன்ரிக்குப் போன் எடுத்தேன். "ஃபாதரிட்ட சொன்னன் மகன். இனி ஆண்டவரிட்டத்தான் சொல்லணும்" என்றார்.

குழாய்களையாவது இறக்கச் சொல். பிள்ளைகளை எப்படியாவது கோயிலுக்குள்ளே வைத்துக்கொள். எப்படி என்று எனக்குத் தெரியாது.

யாராவது மனம் மாறிக் கொப்பை வெட்டுவோம் என்றால், ஊர் ஆட்கள் ஏறக்கூடாது. இதை மறக்காதே. வெடிப்புக்கு அப்பால், நுனிப் பக்கம், ஒரு ஆளின் கனம்கூட அதற்கு அதிகம். பாதி அரிந்ததும் மிச்சம் நார் நாராகக் கிழித்துக்கொண்டு பின்பக்கம் உதைக்கும். பாரந்தூக்கி வாகனம் வைத்திருப்பவர்கள் டவுனில் இருக்கிறார்கள். அவர்கள்தான் செய்ய வேண்டும்.

சுஜீவன்

*

கோயில் வாசல்
17 செப்டெம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

திருநாள் முடிந்து ஒரு கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. எழுதக் கை வரவில்லை.

சட்டைகளைச் சனிக்கிழமை கொடுப்பதாக இருந்தது. மடிப்பு முடியவில்லை, ஞாயிறு பகல் தருகிறோம் என்று சொன்னேன். ஞாயிறு காலையில் வேரா அன்ரி கடையைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டார். "நான் பொய் சொல்ல மாட்டன் புள்ள. அதால நான் இஞ்ச இருக்கவே மாட்டன்" என்று சொல்லிக் கல்குடாவுக்குப் பஸ் ஏறிவிட்டார். சட்டைகள் உள்ளே தொங்கின.

பின்னேரம் தாய்மார் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "சட்டை எங்ககா?" "வாயத் துற." "இவளுக்கு என்ன பொறாமை, தான் முதல்நன்மை எடுக்கக்குள்ள ஓசிச் சட்டை போட்டவள்." வெள்ளைச் சட்டை இல்லாமல் தங்கள் பிள்ளையை மாதாவுக்கு முன்னால் நிறுத்த ஒரு தாயும் விரும்பவில்லை. பிள்ளைகளைக் கோயிலுக்குள் வாங்கில்களில் இருத்தினார்கள். சில பிள்ளைகள் அழுதார்கள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கூடு ஆலின் கீழ் போனது. அப்பா முன் தடியில். அந்த இடத்தில் நிறுத்தினார்கள். முழுச் செபமாலையும் சொல்லி முடித்தார்கள். ஒன்றும் விழவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மோசம். இப்போது ஊரில் எல்லோருக்கும் அந்த இடம் வேண்டும். மாதா நின்று காட்டிய நிழலாம். கிழவர்கள் கதிரை கொண்டுவந்து போட்டார்கள். பாலர் பாடசாலையின் கூரைத் தகரம் மாற்றுகிறார்கள் என்று, நாளை புதன்கிழமை தொடக்கம் பிள்ளைகளை அதன் கீழ் இருத்திப் படிப்பிக்கச் சபை முடிவெடுத்தது. நீங்கள் சொல்லி விழவில்லை, நான் சொல்லியும் விழவில்லை. இனி யார் சொன்னாலும் கேட்கமாட்டார்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தப் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் இருத்தப்போகிறோம் என்று தோன்றியது.

நேற்றுச் சரியான மழை, இடியோடு. ஓய்ந்த பிறகு அப்பா வந்து என் பக்கத்தில் நின்றார். அந்தச் சபைக் கூட்டத்துக்குப் பிறகு நேற்றுத்தான் என்னோடு பேசினார். "எவடத்த வெடிச்சிருக்கு? காட்டு" என்றார்.

பாடகர் மாடிக்குக் கூட்டிப்போனேன். கோட்டுக்குள் இப்போது என் கை போகும். அப்பா வெகுநேரம் பார்த்தார். "கூட்டோட நிக்கக்குள்ள ஒரு சத்தம் கேட்டுது. துணி கிழியிற மாதிரி. செபமாலை சொல்லிக்கிட்டிருந்த படியா ஒருத்தருக்கும் கேக்கல்ல. நான் நகரல்ல" என்றார். பிறகு, "நகந்திருந்தா என்ன சொல்லியிருப்பானுகள்" என்றார்.

உங்கள் கடிதங்களைக் கொடுத்தேன். கடைசிக் கடிதத்தை விரல் வைத்து வாசித்தார். பாரந்தூக்கி என்ற இடத்தைத் தொட்டுக் காட்டி, டவுனுக்குப் போவோம் என்றேன். வாயால்தான் சொன்னேன், அண்ணா. "அதுக்குச் சபை கடிதம் தரோணும். சபை சிரிச்சு முடிய ஒரு மாசம் போகும். புதன்கிழமை புள்ளைகள் வந்திரும்" என்றார். "நுனியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாக் கனம் குறையும்தானே. அதுதானே அவன்ட கணக்கு?" என்றும் கேட்டார். அது சரியா பிழையா என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்றேன். அண்ணன் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார் என்றேன். கடிதங்களை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அவன் வந்தா நான் கூட்டைத் தொடமாட்டன் எண்டு சொன்னது கோவத்தில. எழுதிவிடு" என்றார்.

இன்று பகல் கைவாளோடு வந்தார். மேல் கொப்பில் கயிறு போட்டு இடுப்பில் கட்டியிருக்கிறார். என்னைக் கோயில் படலையில் நிறுத்தி, ஒருத்தரையும் உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டுக் கொப்பின் நுனிப் பக்கம் ஏறிப் போனார். கதிரை அடுக்க வந்த தாய்மாரை நான் மறித்தேன். "போகாதீங்க" என்றேன். "ஆரு நீ சொல்ல?" என்றார்கள். "போகாதீங்க. மரம் விழப்போகுது" என்றேன். ஒருத்தி சிரித்தாள். மற்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு திரும்பினாள். இப்போது வளவுக்குள் அப்பா மட்டும்தான். படலைக் கல்லில் உட்கார்ந்து மடியில் தாளை வைத்து இதை எழுதுகிறேன். இங்கிருந்து அடிமரம் தெரிகிறது. அப்பா இலைகளுக்குள் இருக்கிறார். தெரியவில்லை. வாள் சத்தம் மட்டும் வருகிறது.

இரண்டு சின்னக் கிளைகள் விழுந்தன. அவர் மூச்சு வாங்க நிறுத்துவதும் மறுபடி அரிவதுமாக இருக்கிறார்.

வெயில் சுடுகிறது. காற்று இல்லை. மின்குமிழ் மாலைகூட அசையவில்லை.

வாள் நின்றுவிட்டது. மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். அதைவிடக் கூட நேரமாகிவிட்டது. அடிமரத்துக் கோட்டில் துணி கிழிகிற சத்தம் கேட்கிறது, மெதுவாக, நீளமாக.

அப்பா என்று கூப்பிட்டேன். வாவிக்கு அக்கரையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.